குபேரனின் ஒரு கரண்டி மூத்திரம்

சுப்பிரமணியிடம் மட்டும் நாயைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது. எடுத்தால் அவ்வளவுதான், டீ ஆறிப்போகும், செங்கம் பஸ் கண்ணெதிரே போய்விடும், அவர் விட மாட்டார். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனிதர். கம்பத்தின் உச்சியில் பேச்சுத் துணைக்குக் காக்கை மட்டும்தானே. அங்கே சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் இப்போது அப்பாசாமியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க குபேரன் சுத்த சைவம்ங்க" என்றுதான் ஆரம்பிப்பார். "முட்டையை நீட்டினா மூஞ்சைத் திருப்பிக்கும். தயிர் சோறு, பருப்பு சோறு, பௌர்ணமின்னா சர்க்கரைப் பொங்கல். நாயா பொறந்தாலும் இந்த ஊர்ல பொறக்கணும்."

சொல்கிறவர் யார் என்று பாருங்கள். ஓய்வு பெறும் வரை மஸ்தான் பாய் கடையில் வாரத்துக்கு இரண்டு பிளேட் பிரியாணி, மேலே ஒரு சுக்கா என்று வெளுத்துக் கட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் முட்டி இரண்டும் மக்கர் பண்ணியதும், அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டு சைவத்துக்கு மாறினார். தான் மாறியதோடு விட்டாரா? நாயையும் சேர்த்து மாற்றினார். அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குபேரன் ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கிடைத்த குட்டி. குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கரும்புச் சக்கைக் குவியலுக்குள் கத்திக்கொண்டிருந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். அன்றைக்கு அவர் மடியில் ஏறி வீட்டுக்கு வந்தது, வளர்ந்த பிறகு ஒரு பௌர்ணமி விடாமல் பதினாலு கிலோமீட்டரும் அவர் காலடியிலேயே நடந்தது. வழியில் எது வாங்கினாலும் பாதி அவருக்கு, பாதி அதற்கு. இட்லியில் பாதி, வாழைப்பழத்தில் பாதி, அன்னதானப் பொங்கலில் பாதி. பொங்கலில் கிடக்கும் திராட்சை மட்டும் மொத்தமும் அதற்குத்தான். திராட்சை தின்றால் ரத்தம் ஊறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் தன் பங்கிலிருந்தும் பொறுக்கி எடுத்து ஊட்டுவார். "பாதி உனக்கு, பாதி எனக்கு" என்பது இரண்டு பேருக்கும் நடுவே ஒப்பந்தம்.

இந்த வருஷம் சித்ரா பௌர்ணமிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பொழுது சாய்ந்த பிறகும் தார் ரோடு கொதித்தது. ஆறாவது கிலோமீட்டரிலேயே சுப்பிரமணியின் முட்டி தகராறு பண்ண ஆரம்பித்தது. குபேரனும் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. முட்டி வலிக்கென்று சட்டைப் பையில் வைத்திருந்த ஆரஞ்சு மாத்திரையின் தயவில் ஒருவழியாக இரண்டு பேரும் சுற்றி முடித்தார்கள். அந்தப் பெருமையை அவர் நாலு நாள் டீக்கடையில் பேசினார்.

அந்த நாலு நாளும் குபேரன் தண்ணீர் குடித்தது. ஒரு மடக்கு இரண்டு மடக்கு இல்லை, மனைவி ஜோதியம்மாள் துணி அலசப் பிடித்து வைத்த வாளியில் பாதியைக் காலி பண்ணியது. குடித்ததைத் தெருவெல்லாம் விட்டது. கம்பம், மைல்கல், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு எடுத்த மொபெட் என்று எதையும் விட்டு வைக்கவில்லை. சுப்பிரமணிக்கு அதிலும் ஒரு பெருமை கிடைத்தது.

"நேத்து பக்கத்துல போயி பார்த்தேன், அப்பாசாமி. நிறமும் இல்ல, வாசமும் இல்ல. பச்சைத் தண்ணி. சைவ உடம்புன்னா சும்மாவா?"

"டீ குடிக்கிற எடத்துல இதெல்லாம் எதுக்குங்க" என்று அப்பாசாமி கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

ஜோதியம்மாளுக்கு இந்தப் பேச்சில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அவள் நாயின் தட்டைப் பார்க்கிறவள். தயிர் சோறு வைத்தபடியே காய்ந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தால் நாயின் வாயில் ஏதோ துருப்பிடித்த நாற்றம். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

"ஏங்க, அது ஒடம்பு சரியில்லாம கெடக்குது. நீங்க அதோட மூத்திரத்துக்கு மெடல் குத்தினு இருக்கீங்க. மொதல்ல டாக்டர்கிட்ட போங்க" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கிப் போனால் மேற்கொண்டு பேச்சு கிடையாது என்று சுப்பிரமணிக்குத் தெரியும்.

நாய் டாக்டர் கவிநிலா சின்னப் பெண். ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. குபேரன் உள்ளே நுழையும்போதே அவளுடைய ஸ்கூட்டர் சக்கரத்தில் ஒரு பாட்டம் விட்டுவிட்டுத்தான் வந்தது. பல்லைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். அரை மணி நேரத்தில் கையில் ஒரு சீட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கிட்னி அடி வாங்கியிருக்கு சார். கிரியாட்டினின்னு ரத்தத்துல தங்குற அழுக்கு ஒன்றரைக்குள்ள இருக்கணும். இதுக்கு நாலு புள்ளி எட்டு இருக்கு."

"அது சைவம் டாக்டரம்மா" என்றார் சுப்பிரமணி.

"சைவமா இருந்தாலும் கிட்னி ரெண்டுதான் சார்." அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். "வயசு ஒன்பது, அது ஒண்ணு. பல்லெல்லாம் கெட்டிருக்கு, அது ஒண்ணு. ஆனா அதெல்லாம் மெதுவா கெடுக்கிற விஷயம். இது நாலு நாள்ல இப்படி ஆகணும்னா வேற ஏதோ உள்ள போயிருக்கு. சாக்கடைத் தண்ணி குடிக்குமா? எலி மூத்திரம் கலந்த தண்ணியில கூட வரும்."

"எங்க வீட்டு வாளித் தண்ணிதான் குடிக்கும்."

"மருந்து மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"அதுக்கு என்ன நோவும்மா, மருந்து குடுக்க? ஒன்பது வருஷமா ஒரு தும்மல் கெடையாது."

"வெளியில யாராவது தின்ன போடுறாங்களா?"

"குபேரன் வெளிய கை நனைக்காதும்மா" என்றார் சுப்பிரமணி. நாய் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அடுத்த கேள்வி அவருடையது. "காப்பாத்திடலாம் இல்லம்மா?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் குரல் டீக்கடைக் குரலாக இல்லை.

"பாக்கலாம் சார். கிட்னியில பாதிக்கு மேல போனப்புறம்தான் வெளிய தெரியும். மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தணும். டிரிப் போட்டுக் கழுவி விடலாம். ஆனா எதுனால வந்துச்சுன்னு தெரியாம நான் டிரிப் மட்டும் போட்டா, அது வெளிய போய் மறுபடி அதையே தின்னுட்டு வரும். அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது. டிரிப் ஏத்துறதுக்கு முன்னாடி மூத்திரத்தையும் பாக்கணும். இப்பவே எடுக்கலாம்னா, மொத்தத்தையும் என் வண்டிக்குக் குடுத்துடுச்சு. நாளைக்குக் காலையில சுத்தமான பாத்திரத்துல பிடிச்சுக்கிட்டு நேரா வாங்க. தரையில இருந்து வழிச்சு எடுக்கக் கூடாது. அது எங்கெங்க போகுது, என்னென்ன திங்குதுன்னும் பாத்துட்டு வாங்க."

பதினோராயிரம் வோல்ட்டைப் பார்த்தவருக்கு ஒரு கரண்டி மூத்திரம் பெரிய விஷயமா? மாங்காய் பறிக்கும் கழியை எடுத்தார். ஜோதியம்மாளின் குழிக்கரண்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கழியின் நுனியில் வைத்து, கம்பத்தில் போடும் முடிச்சாகக் கயிற்றால் இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "இனிமே அந்தக் கரண்டியை வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாது" என்று ஜோதியம்மாள் சொல்லிவிட்டாள்.

காலை ஐந்தே காலுக்குக் குபேரன் தெருவில் இறங்கியது. பத்தடி தள்ளி சுப்பிரமணி, கையில் கழி. நாயின் நடை பழைய நடை இல்லை, நின்று நின்றுதான் போயிற்று. முதல் கம்பத்தில் காலைத் தூக்கியது. இவர் கரண்டியை நீட்டினார். நாய் கரண்டியைப் பார்த்தது, இவரைப் பார்த்தது, காலை இறக்கிவிட்டது. இரண்டாவது கம்பத்திலும் அப்படியே. மைல்கல்லில் ஒரு சொட்டு விட்டது, அது கரண்டிக்கு வெளியே போயிற்று. ஊர் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தானம் பண்ணுகிறது, வளர்த்தவருக்கு மட்டும் ஒரு துளி இல்லை. தன்மானம் உள்ள நாய் என்று அவருக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல்.

அப்பாசாமி கடைக்கு வந்ததும் குபேரன் பெஞ்சுக்குக் கீழே தன் வழக்கமான இடம் போல உட்கார்ந்தது. அப்பாசாமி பேச்சை நிறுத்தாமலே ஒரு ரஸ்க்கை எடுத்து நீட்டினார். கழியோடு நின்ற சுப்பிரமணியைப் பார்த்ததும் அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"எத்தினி நாளா இது?" என்றார் சுப்பிரமணி.

"அது... நாலஞ்சு வருஷம் இருக்குங்க. நீங்க எட்டு மணிக்கு வருவீங்க. அது ஆறு மணிக்கே வந்துட்டுப் போயிடும்." அப்பாசாமி ரஸ்க்கைத் திரும்ப ஜாடியில் போட்டார். "கேளுங்க, ரஸ்க் சைவம்தான்."

ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக் கடைச் சந்து. அங்கே வெள்ளைக்காரம்மா ஒருத்தி கிண்ணத்தில் தண்ணீரோடு குபேரனுக்காகக் காத்திருந்தாள். நாய்க்குப் பின்னால் விடியற்காலையில் நீளக் கழியும் கரண்டியுமாக, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு மனிதர் சத்தமே இல்லாமல் நடந்து வருவதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, கை கூப்பினாள். அப்புறம் பின்னாலேயே வந்தாள். அடுத்த வீட்டு மாடியிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். நாய் நின்றால் சுப்பிரமணி நின்றார், சுப்பிரமணி நின்றால் மூன்று பேரும் நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். ஆட்டோவில் போன ஒரு குடும்பம் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிற்று.

"சாமி, இது என்ன பூஜை?" என்று அந்த அம்மாள் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டாள்.

"யூரின் டெஸ்ட்" என்றார் சுப்பிரமணி.

அவள் வெகுநேரம் யோசித்துத் தலையாட்டினாள். அந்தப் பதிலிலும் அவளுக்கு ஏதோ கிடைத்திருக்க வேண்டும், இன்னும் கொஞ்ச தூரம் வந்துவிட்டுத்தான் மூன்று பேரும் திரும்பிப் போனார்கள்.

குபேரன் ரோட்டைத் தாண்டி ஒரு குறுக்குச் சந்தில் திரும்பியது. அந்தச் சந்து சுப்பிரமணிக்கு மனப்பாடம். மூன்று வருஷமாகக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தாண்டுகிற சந்து அது. கோடியில் பச்சைப் பலகை, அதற்குக் கீழே விறகு அடுப்பு, அடுப்புக்கு முன்னால் மஸ்தான் பாய் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி பீபி ஜான் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, நவாப் வந்துட்டான்" என்றாள்.

நவாப் என்றதும் குபேரன் வாலை ஆட்டிய ஆட்டு இருக்கிறதே, அப்படி ஒரு ஆட்டை சுப்பிரமணி ஒன்பது வருஷத்தில் தன் வீட்டு வாசலில் பார்த்ததில்லை. கழியைத் தரையில் ஊன்றினார்.

"பாய், நல்லா இருக்குது நியாயம். எங்க வீட்டு நாயைக் கெடுத்துட்டீங்க. உப்பும் காரமும் எலும்புமா போட்டுப் போட்டு அதோட கிட்னியைக் காலி பண்ணிட்டீங்க. டாக்டர் சொல்லிட்டாங்க, ஏதோ உள்ள போயிருக்குன்னு. என்ன போயிருக்குன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அது செத்துப்போச்சின்னா உங்களைச் சும்மா விட மாட்டேன்."

மஸ்தான் கத்தியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. வெங்காயத்தால் கண் கலங்கியிருந்ததால் அவர்தான் அழுகிற மாதிரி இருந்தது.

"கிட்னியா? அதான் நாலு நாளா வந்து வந்து படுத்துக்குது, எதையும் தொட மாட்டேங்குது. பீபி, அந்தச் சட்டியை எடுத்தா."

பீபி ஜான் ஒரு சின்ன அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். வேகவைத்த சோறு, அதில் நாலு துண்டு ஈரல். மசாலாவின் நிறமே இல்லை.

"இது தனியா வேகுற சட்டி. உப்பு ஒரு கல்லு கூட விழாது. உப்பு ஜாஸ்தி ஆனா நாய்க்கு முடி கொட்டும்னு எங்க அத்தை சொல்லுவாங்க. நீங்க கறியை விட்டப்புறம் நீங்க வரல, அது மட்டும் வந்துச்சி. அது என்ன பண்ணும், பழகின கடை. வெறும் வயித்தோட எப்பிடி அனுப்புறது?" என்றாள்.

சண்டைக்கு வந்தவருக்குச் சண்டை கிடைக்காவிட்டால் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியாது.

"சார், நான் ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார் மஸ்தான். "பௌர்ணமிக்கு என்ன குடுப்பீங்க அதுக்கு?"

"பொங்கல். இட்லி. ஏன்?"

"ஆறு மாசமா பாக்குறேன். பௌர்ணமிக்கு மறுநாள் காத்தால வந்து இதோ இந்த விறகுக்குப் பின்னால வாந்தி எடுக்கும். திராட்சை முழுசு முழுசா கெடக்கும். அதோட ஆரஞ்சு கலர்ல ஏதோ கரைஞ்சி கெடக்கும். நான் கோயில் பிரசாதத்துல ஏதோ குங்குமம்னு நெனைச்சிக்கினேன். இந்தத் தடவை அந்த ஆரஞ்சு ரொம்ப ஜாஸ்தி."

சுப்பிரமணியின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மாத்திரை அட்டை அங்கேதான் இருந்தது. ஆரஞ்சு நிறம். பத்தில் ஆறு காலி.

மருந்து மாத்திரை குடுத்தீங்களா என்று டாக்டர் கேட்டபோது இது அவருக்கு நினைவுக்கே வரவில்லை. ஏனென்றால் இது அவர் கணக்கில் மருந்து இல்லை. கிரிவலத்துக்குக் கற்பூரம் எடுத்துப் போவது மாதிரி இதையும் எடுத்துப் போவார். ஆறு மாசமாக நாய் காலை இழுக்கிறதே என்று, இட்லியைப் பிய்ப்பது போல மாத்திரையையும் பிய்த்து, பொங்கலில் வைத்து, பாதி உனக்கு பாதி எனக்கு. சித்ரா பௌர்ணமி அன்று அது ரொம்ப இழுத்தது. பாவம் என்று ஒரு முழு மாத்திரை. வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று. மறுநாள் காலையில் மூன்றாவது.

அவர் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் பாய்" என்றார். "கண்டவங்க மேல எல்லாம் பழியைப் போட்டுக்கினு வந்தேன். நான்தான் குடுத்தேன். என் கையாலயே ஊட்டினேன்." கம்பத்தில் பக்கத்திலிருந்தவனுக்கு ஷாக் அடித்தபோதுகூட அழாத மனிதர் அங்கே உட்கார்ந்து அழுதார்.

மஸ்தான் அவர் தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே தலையைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழே கால். சார், அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழுங்க. இதுதான் அதோட டைம். இந்த விறகுக்குப் பக்கத்துலதான் போவும். யாராவது பார்த்தா வராது. அந்தக் கழியை இப்பிடிக் குடுங்க."

சுப்பிரமணி சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார். பீபி ஜானும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டாள். பின்னால் கரண்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அழுகைக்கு நடுவிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நெறைஞ்சிடுச்சி" என்றார் மஸ்தான்.

கவிநிலா மூத்திரம் இருந்த பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாத்திரை அட்டையைப் பார்த்தாள். திராட்சை விஷயத்தையும் கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்த சுப்பிரமணிக்குத் திட்டு கிடைக்கவில்லை.

"இந்த வலி மாத்திரை நம்ம ஒடம்புக்கு மட்டும்தான் சார். நாய்க்கு நேரா கிட்னியில போய் அடிக்கும். வெயில்ல நடந்து தண்ணி வத்தின ஒடம்புல இன்னும் மோசம். திராட்சையும் அப்படித்தான், சில நாய்க்குக் கொஞ்சம் போனாலே ஆகாது. ஆனா சொல்லிட்டீங்க பாருங்க, அது போதும். இனிமே டிரிப் போட்டா பிரயோஜனம் இருக்கு."

"மூத்திரம் சுத்தமாத்தானே இருக்குதும்மா? தண்ணி மாதிரி" என்றார் ஆசையோடு.

"அதுதான் சார் பிரச்சினையே. கிட்னி நல்லா இருந்தா தண்ணியை நிறுத்திக்கிட்டு அழுக்கை மட்டும் வெளிய தள்ளும். மூத்திரம் மஞ்சளா, வாடையா வரணும். இது வேலையே செய்யாம வந்தபடியே வெளிய விடுது. என்னிக்கு மஞ்சளா போகுதோ, அன்னிக்கு நாம நிம்மதியா இருக்கலாம். வரலைன்னா, எத்தனை நாள்னு நான் சொல்ல முடியாது."

நாலு நாளாகத் தான் பெருமை பேசியது எதைப் பற்றி என்று அப்போதுதான் சுப்பிரமணிக்குப் புரிந்தது.

கவிநிலா சிகிச்சை அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "நாய் பேரு?" என்று கேட்டாள். சுப்பிரமணி, "குபேரன்" என்றார். கூடவே வந்து வாசலில் நின்ற மஸ்தானைத் திரும்பிப் பார்த்தார். "நவாப்னும் எழுதிக்குங்க."

ஐந்து நாள் டிரிப். காலையில் சுப்பிரமணி, மத்தியானம் ஜோதியம்மாள், கடை மூடிய பிறகு மஸ்தான் என்று முறை வைத்து உட்கார்ந்தார்கள். கிரியாட்டினின் நாலு புள்ளி எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது, மூன்று வாரத்தில் இரண்டு புள்ளி ஒன்றுக்கு இறங்கியது. நாய் சாப்பிட ஆரம்பித்தது. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு துண்டு ஈரல் கிடையாது, ரஸ்க் கிடையாது, பொங்கல் கிடையவே கிடையாது. ஆனால் மூத்திரம் மட்டும் தண்ணீராகவே போய்க்கொண்டிருந்தது.

அந்த மஞ்சளுக்காக ஊரே காத்திருந்தது என்றால் நம்புவீர்களா? அப்பாசாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கம்பத்தடியை எட்டிப் பார்ப்பார். ஏழே காலுக்கு மஸ்தான் போன் பண்ணுவார். "சார், இன்னிக்கும் வெள்ளைதான்." வெள்ளைக்காரம்மா ஒரு நாள் வழியில் நிறுத்தி, "சாமி, யெல்லோ?" என்று கேட்டாள். சுப்பிரமணி கையை விரித்தார். டீக்கடையில் மற்றதெல்லாம் பேசினார், இதை மட்டும் பேசவில்லை.

வைகாசி பௌர்ணமி வந்தது. குபேரன் நடக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. சாயங்காலம் சுப்பிரமணி தலைக்குக் குளித்து, சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி வாசலுக்கு வந்தார். நாய்க்குத் துணையாக இருக்க மஸ்தான் வந்திருந்தார். செங்கம் ரோட்டில் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போவது தெருமுனை வரை கேட்டது. குபேரன் எழுந்து வந்தது. தன்னையும் கூட்டிப் போவார் என்று நினைத்தது போலும். அவர் காலைச் சுற்றி வந்தது, வேட்டியை முகர்ந்தது. அப்புறம் நிதானமாக ஒரு காலைத் தூக்கியது.

"சார், திரும்பாதீங்க" என்றார் மஸ்தான், மூச்சு விடுகிற சத்தத்தில்.

சுப்பிரமணி திரும்பவில்லை. எதிரே மலையைப் பார்த்தபடி நட்ட கம்பமாக நின்றார். வலது முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பாக இறங்கியது.

"என்ன கலர் பாய்?"

அந்த இருட்டில் மஸ்தான் குனிந்து வேட்டியைப் பார்த்தார்.

"சொல்லுங்க பாய். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"ஜோதிம்மா" என்று மஸ்தான் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "வாசல் லைட்டைப் போடுங்க."

டியூப் லைட் இரண்டு தடவை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது. வெள்ளை வேட்டியில் முழங்காலிலிருந்து கரை வரைக்கும் மஞ்சள். நல்ல கெட்டி மஞ்சள். சுப்பிரமணி குனிந்து வேட்டி நுனியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். நிறமும் இல்லை வாசமும் இல்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட அதே மூக்கு.

"நாறுது" என்றார். "ஜோதி, நாறுதுடி. என்னா நாத்தம் பாரு. பாய், நீங்க மோந்து பாருங்க."

"எனக்கு இங்கியே அடிக்குது சார்" என்றார் மஸ்தான். ஜோதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சுப்பிரமணி அந்த வேட்டியோடு ஓட்டமும் நடையுமாகத் தெருமுனை வரை போய் அப்பாசாமிக்குக் காட்டினார். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் போட்டார்.

"வேட்டியை வச்சு டெஸ்ட் பண்ண முடியாது சார்" என்றாள் கவிநிலா. போனிலேயே அவள் சிரிப்பது தெரிந்தது. "நாளைக்குக் காலையில கரண்டியில பிடிச்சுட்டு வாங்க. கிட்னி முழுசா பழையபடி ஆயிடாது, வாழ்நாள் பூரா பத்தியம்தான். ஆனா இது நல்ல செய்தி. ரொம்ப நல்ல செய்தி."

மறுபடி குளித்து, வேறு வேட்டி கட்டிக்கொண்டு அவர் தனியாகக் கிளம்பினார். ஆறாவது கிலோமீட்டரில் முட்டி வலி ஆரம்பித்தது. குபேர லிங்கத்துக்கு எதிரே இட்லி வாங்கினார், பழக்கத்தில் பாதியைப் பிய்த்துக் கீழே நீட்டினார், ஆள் இல்லை என்று தெரிந்து அதையும் தானே தின்றார். எதிர்ச் சாரியில் மெடிக்கல் கடை திறந்திருந்தது. அதைப் பார்த்தார், உள்ளே போகாமல் நடந்தார். வலி கடைசி வரை எட்டு கிலோமீட்டரும் கூடவே வந்தது. பங்கு போட யாரும் இல்லாததால் மொத்தத்தையும் அவரே நடந்து தீர்த்தார்.